பெரியப்பாவின் கசட்டில் பிங்க் ஃபிளாய்ட், எல்.ஏ., ஏப்ரல் 75: இது எந்தப் பதிவு, எப்படிக் காப்பாற்றுவது?

நாலாம்மாடி (வெள்ளவத்தை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். அவர் தவறிய பிறகு பூட்டியே கிடந்த அலுமாரியைப் போன மாதம்தான் திறந்து ஒதுக்கினோம். உள்ளே ஒரு கசட். டீ.டி.கே. டி, 90 நிமிடம். அட்டையின் முதுகில் அவருடைய கையெழுத்தில் "பி.எஃப். எல்.ஏ. ஏப்ரல் 75 – 1" என்று நீல மையில் எழுதியிருக்கிறது. பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ரொக் பேண்ட், லொஸ் ஏஞ்சலிஸ் கச்சேரி என்று நினைக்கிறேன். 1 என்றால் 2 என்று ஒன்றும் இருந்திருக்க வேண்டும். அது இல்லை.

83 ஜூலையில் எங்கள் பழைய வீட்டைக் கொளுத்தியபோது அவர் சேர்த்த இசைத்தட்டு, பிளேயர், புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் அப்போது கடலில். கப்பலில் கூடவே வைத்திருந்த பெட்டியில் இருந்தவைதான் தப்பின, இந்தக் கசட்டும் அப்படித்தான் தப்பியது என்று பெரியம்மா சொல்கிறா. அதனால் இதைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு நிறைய இருக்கிறது.

மேல்மாடி அங்கிளின் செட்டில் ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டேன். பெரிய மண்டபம், விசில், கைதட்டல், மைக்குக்குப் பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள். முதல் இரண்டு பாட்டும் எந்த ஆல்பத்திலும் நான் கேட்காதவை. மெட்டு என்னவோ "அனிமல்ஸ்" ஆல்பத்தில் வருகிற மாதிரி இருக்கிறது, சொற்கள் வேறு. பிறகு "ஷைன் ஆன்" நீளமாகப் போகிறது. அது ஓய்ந்ததும் "ஹேவ் எ சிகார்", இரண்டு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். அதன் நடுவில் டக்கென்று வெட்டுப்பட்டுப் பக்கம் முடிகிறது. மறுபக்கத்தில் அந்தப் பாட்டின் மிச்சம், திரும்பவும் "ஷைன் ஆன்", பெரிய கைதட்டல், அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்.

பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "நொய்ஸ் முழுக்க எடுத்துவிட்டு சீடி மாதிரி ஆக்கித் தருவோம்" என்றார்கள். அவர்கள் செய்த வேறொரு கசட்டைப் போட்டும் காட்டினார்கள். அதில் கைதட்டல் எல்லாம் தண்ணீருக்குள் இருந்து வருவது போல இருந்தது. நான் கசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இது என்ன பதிவு, எந்த இரவு? கணினியில் ஏற்ற நல்ல வழி என்ன? ஏற்றினால் நெட்டில் போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டெக் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

மகள், திரும்ப வாங்கிக்கொண்டு வந்தது நல்ல வேலை. இதை வாசித்த கையோடு கசட்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். இரண்டு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். உடைபடாமல் இருந்தால் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பி உடைத்துவிடுங்கள். பிறகு யார் கை தவறி ரெக்கோர்ட் பட்டனை அமத்தினாலும் அழியாது. மற்றதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம்.

இனி பதிவைப் பற்றி. பெரியப்பா அட்டையில் எழுதியது சரி என்பதற்கு நீங்கள் சொன்ன விபரத்திலேயே சாட்சி இருக்கிறது. முதல் இரண்டு பாட்டின் பெயர் "ரேவிங் அண்ட் ட்ரூலிங்", "யூ'வ் காட் டு பி கிரேஸி". பேண்ட் இவற்றை 1974இலேயே மேடையில் பாடத் தொடங்கிவிட்டது. சொல்லும் அமைப்பும் மாறி, "ஷீப்", "டாக்ஸ்" என்ற பெயர்களில் 1977 ஜனவரியில் "அனிமல்ஸ்" ஆல்பத்தில் வந்தன. உங்களுக்கு மெட்டு தெரிந்து சொல் தெரியாமல் போனது அதனால்தான்.

அப்படியானால் 74ஆக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இருக்க முடியாது. 74 கடைசியில் இங்கிலாந்தில் சுற்றியபோது "ஷைன் ஆன்" ஒரே துண்டாகத்தான் வந்தது, அதையே முதலில் வாசித்தார்கள். அந்தச் சுற்றில் ஸ்டோக் நகரத்தில் நவம்பர் 19ஆம் திகதி எடுத்த ஒரு திருட்டுப் பதிவு நல்ல அட்டை, அச்சடித்த பாட்டு வரிகளோடு எல்.பி.யாக வந்து, அதைத்தான் பேண்டின் புது ஆல்பம் என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. 75இல் அமெரிக்காவுக்குப் போனபோது "ஷைன் ஆன்" இரண்டாகப் பிளந்து, நடுவில் "ஹேவ் எ சிகார்" வந்து உட்கார்ந்துவிட்டது. ஆல்பத்தில் அந்தப் பாட்டைப் பாடியவர் பேண்டில் இல்லாத ரோய் ஹார்ப்பர். மேடையில் பேண்டின் ரோஜர் வாட்டர்ஸும் டேவிட் கில்மோரும் சேர்ந்து பாடினார்கள். நீங்கள் கேட்ட இரண்டு குரல் அதுதான்.

இந்த இரண்டு பாட்டும் உள்ள "விஷ் யூ வேர் ஹியர்" ஆல்பம் கடைக்கு வந்தது 1975 செப்டம்பர் 12. அந்த மண்டபத்தில் இருந்த சனம் ஏப்ரலில் இதைக் கேட்கும்போது ஒரு பாட்டும் அவர்களுக்குத் தெரியாது. பக்கம் ஒன்று முழுக்க, தெரியாத பாட்டை முதல் முதலாகக் கேட்கிற கூட்டம் எப்படி இருக்கும் என்பதும் பதிவாகியிருக்கிறது. பாட்டு ஆறுதலாகப் போகும் இடங்களில் அவர்கள் கதைப்பதையும், கிற்றார் ஏறும்போது கதை நிற்பதையும் கவனித்துக் கேளுங்கள். ஸ்டூடியோ ஆல்பத்தில் இது கிடைக்காது. கடைக்காரர் "நொய்ஸ்" என்று எடுக்கப் பார்த்தது இதைத்தான்.

லொஸ் ஏஞ்சலிஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் ஏப்ரல் 23 தொடக்கம் 27 வரை ஐந்து இரவு வாசித்தார்கள். அதில் 26ஆம் திகதி இரவுதான் பேர் போனது. காரணம் மைக் மில்லர்ட் என்ற ஒரு ரசிகர். நக்கமிச்சி 550 என்ற தோளில் மாட்டுகிற கசட் ரெக்கோர்டர், இரண்டு ஏ.கே.ஜி. 451 மைக். இதை வைத்துக்கொண்டு 70களில் லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த பெரிய ரொக் கச்சேரிகளைச் சபையில் இருந்தே எடுத்தவர். சில கச்சேரிகளுக்குச் சக்கர நாற்காலியில் வந்து மெஷினை அதற்குள் ஒளித்துக் கொண்டுபோனார். லெட் ஸெப்பெலின் பேண்டின் 1977 ஜூன் 21 கச்சேரி "லிஸன் டு திஸ் எடி" என்ற பெயரில் ஊரெல்லாம் சுற்றுகிறதே, அதுவும் அவர் எடுத்ததுதான். 1994இல் இறந்துபோனார். அவர் எடுத்த அந்த ஏப்ரல் 26 பதிவை ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் சீராக்கி, 2025 டிசம்பரில் வந்த "விஷ் யூ வேர் ஹியர்" 50ஆம் ஆண்டுப் பதிப்பில் பேண்டே சேர்த்து வெளியிட்டது. ஒரு காலத்தில் வாசலில் பறிக்கப் பார்த்த கசட்டுக்கு ஐம்பது வருடம் கழித்து அந்த மரியாதை கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இனி உங்கள் வேலை. அந்த வெளியீட்டை ஒரு ஹெட்போனில் போட்டு, உங்கள் கசட்டோடு ஒப்பிடுங்கள். "ஷைன் ஆன்" தொடக்கத்தில் வருகிற கில்மோரின் கிற்றாரை எடுங்கள். ஒரே இரவென்றால் சுரத்துக்குச் சுரம் ஒன்றாக இருக்கும். வேறு இரவென்றால் இழுக்கிற இடமும் நிறுத்துகிற இடமும் மாறும். கிற்றார் ஒன்றாக இருந்து, பக்கத்தில் இருமுகிறவர் மட்டும் இல்லையென்றால், அதே இரவில் வேறு ஒருவர் வேறு ஆசனத்தில் இருந்து எடுத்தது என்று அர்த்தம்.

இரண்டாவது கசட்டில் என்ன இருந்திருக்கும் என்றும் சொல்லலாம். இடைவேளைக்குப் பிறகு "டார்க் சைட் ஒஃப் த மூன்" முழுவதும், கடைசியில் "எக்கோஸ்". முதல் பகுதி 90 நிமிடக் கசட்டில் சரியாக அடங்குகிறது, 45 நிமிடத்தில் பக்கம் திரும்பும்போது "சிகார்" வெட்டுப்படுகிறது. உங்கள் பெரியப்பாவுக்குக் கொடுத்தவரோ அவருக்கு முந்தியவரோ நிதானமாகக் கணக்குப் பார்த்து இறக்கியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இது இங்கே எவ்வளவு பெரிய சாமான் என்று இளசுகளுக்குத் தெரியாது. 77இல் இறக்குமதியைத் திறந்துவிடும் வரைக்கும் வெளிநாட்டு இசைத்தட்டு, நல்ல டேப் எல்லாம் கப்பல்காரர் கையில் வந்தால்தான் உண்டு. நான் டெக் திருத்தப் பழகிய கடையில் கப்பல்காரர்கள் கொண்டுவரும் கசட்டுக்கு வரிசையே இருந்தது. ஒன்றைக் கொப்பி அடிக்க ஒரு இரவு இரவல் கிடைத்தால் நாங்கள் நித்திரை கொள்வதில்லை.

ஏற்றும் முறை: இன்னொரு தடவை போடுவதற்கு முன் கசட்டின் ஜன்னல் வழியே டேப் சுற்றை டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகத் தூளோ நூலோ தெரிந்தால் அது பூஞ்சணம். வெள்ளவத்தையில் கடல் காற்று, அலுமாரி வேறு பூட்டிக் கிடந்தது. பூஞ்சணம் இருந்தால் போடவே வேண்டாம், என்னிடம் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் கீழ் வாயில் டேப்புக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பழைய கசட்டில் பசை காய்ந்து அது விழுந்துவிடும். விழுந்தால் சத்தம் மங்கி மங்கி வரும், சனம் டேப் போய்விட்டது என்று எறிந்துவிடுவார்கள். அதைத் திரும்ப ஒட்டலாம்.

அங்கிளின் செட் வேண்டாம். யூ.எஸ்.பி. வயரோடு விற்கிற வோக்மேன் மாதிரிச் சாமானும் வேண்டாம். மூன்று ஹெட் (டேப்பை உரசி வாசிக்கிற காந்த முனை) உள்ள டெக் ஒன்று வேண்டும், பெல்ட் புதிதாக மாட்டியிருக்க வேண்டும், ஹெட்டை ஐசோப்ரோபைல் அல்கஹோலில் துடைத்திருக்க வேண்டும். பிறகு அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வு. இந்தக் கசட்டை எழுதிய மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் நம் ஹெட்டும் இருக்க வேண்டும். இடது, வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்துவிட்டு, ஹெட்டின் பக்கத்துத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் ஓரிடத்தில் கைதட்டல் பளிச்சென்று திறக்கும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். பக்கம் மாற்றும்போது திரும்பவும் பார்க்க வேண்டும். இரைச்சல் குறைக்கிற டொல்பி பட்டன் ஓஃப். 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் நேராக எடுத்து, ஒன்றும் செய்யாமல் அந்தக் கோப்பை அப்படியே மூன்று இடத்தில் வையுங்கள். மினுக்க வேண்டுமென்றால் அதன் கொப்பியில் மினுக்குங்கள்.

ஃபேடர் (தெஹிவளை) எழுதியது:

டெக் மாமா சொன்னதற்கு மேல் ஒன்று. நான் ஒலிப்பதிவு வேலை செய்கிறவன். கசட் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்காமல் இரவுகளை ஒப்பிட்டால் குழம்பிவிடுவீர்கள். கொப்பிக்குக் கொப்பி வேகம் மாறியிருக்கும். மூன்று வீதம் கூடினாலே சுருதி அரை செமிடோனுக்குப் போய்விடும்.

"ஷைன் ஆன்" ஜி மைனரில் தொடங்குகிறது. அந்த நீளமான கோர்டை ஒரு டியூனரில் பிடியுங்கள். ஹேமண்ட் ஓர்கன் கேட்கிற இடம் இன்னும் நல்லது. அதன் மோட்டார் கரண்டின் அலைவரிசையோடு பூட்டி ஓடுகிறது. அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ் கரண்டில் அது சுருதி விலகாது. பேண்டின் ஓர்கன்காரர் ரிக் ரைட்டின் ஹேமண்ட் ஏறியோ இறங்கியோ கேட்டால் குற்றம் டேப்பில். முதல் இரண்டு பாட்டை இதற்குப் பாவிக்காதீர்கள், அவை பிறகு மாறிய பாட்டுகள்.

அமைதியான இடத்தில் ஸ்பெக்ட்ரத்தை, அதாவது கணினியில் ஒலியின் அலைவரிசைகளைக் காட்டும் படத்தை, திறந்து அடியில் பாருங்கள். 50 ஹேர்ட்ஸ் பக்கத்தில் கரண்டின் முனகல் ஒரு கோடாக நின்றால் எங்கள் நாட்டைப் போல 50 ஹேர்ட்ஸ் கரண்ட் உள்ள இடத்தில் ஒரு தடவையாவது கொப்பி அடித்திருக்கிறார்கள். 60 என்றால் அந்த மண்டபமாகவும் இருக்கலாம், கப்பலாகவும் இருக்கலாம், ஏனென்றால் கப்பல்களில் பெரும்பாலும் 60தான். ஜப்பானில் வாங்கியிருந்தால் யொகோஹாமா 50, கோபே 60. பெரியப்பா எந்தத் துறைமுகங்களுக்குப் போனவர் என்று பெரியம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பேஸ்காரன் (கல்கிசை) எழுதியது:

எல்லோரும் சந்தோஷமாகக் கதைக்கிறீர்கள், நான் மறுபக்கத்தில் இருந்து ஒன்று சொல்ல வேண்டும். நான் ஹோட்டல்களில் வாசிக்கிறவன். ஒரு தடவை எங்கள் ஷோ முழுவதையும் ஒருவர் கேட்காமல் எடுத்து நெட்டில் போட்டார். அன்று எங்கள் பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவளைத் தேடுகிறவர்களுக்கு இன்றும் முதலில் கிடைப்பது அந்தப் பதிவு. மேடையில் வாசிப்பது அங்கே வந்த சனத்துக்காக, அந்த இரவுக்காக. அதை யார் வைத்திருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை வாசித்தவர்களுக்கு இருக்க வேண்டும். நம் நாட்டு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நிகழ்த்துகிறவருடைய அனுமதியைக் கேட்கிறது. தங்கச்சி, வீட்டுக்காக வைத்திருங்கள். நெட்டில் போடாதீர்கள். 26ஆம் திகதிப் பதிவு இப்போது காசு கொடுத்து வாங்கக் கிடைக்கிறது, கேட்க ஆசைப்படுகிறவர்கள் அதை வாங்கட்டும்.

பழைய டெக் எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பாடகிக்கு நடந்தது அநியாயம். விற்கிறவர்களை நானும் ஏற்றுக்கொள்வதில்லை. மில்லர்டும் காசுக்கு விற்றவர் அல்ல, அவர் எடுத்ததை எல்.பி. அடித்து விற்றுச் சம்பாதித்தவர்கள் வேறு ஆட்கள்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பேண்டே 2025இல் அந்த இரவை வெளியிட நினைத்தபோது கையில் எடுத்தது மில்லர்டின் கசட்டைத்தான். அவர் அன்று எடுத்திராவிட்டால் பேண்டுக்கே அந்த வெளியீடு இல்லை. அவருக்குப் பிறகு யாரோ அந்த டேப்பை ஈரம் படாமல், மேலே வேறொன்றை அடிக்காமல் வைத்திருந்தார்கள். அதனால் நான் சொல்வது, போடுவதும் போடாததும் பிறகு பார்க்கலாம். முதலில் கெடாமல் எடுத்து, எங்கிருந்து வந்தது, என்ன டெக், என்ன டேப், என்ன திகதி என்று ஒரு தாளில் எழுதிக் கோப்போடு சேர்த்து வைக்க வேண்டும். மற்ற நான்கு இரவில் ஒன்றாக இருந்தால் அதற்கு இன்னும் கவனம் வேண்டும்.

நாலாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாக்கு இரண்டையும் உடைத்துவிட்டேன். பூஞ்சணம் இல்லை. கம்பளித் துண்டு ஒரு ஓரம் விட்டிருக்கிறது.

டேப்பைத் திரும்பப் போடவில்லை. முதல் தடவை கேட்டபோது கைப்பேசியில் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தேன், அதை வைத்து ஒப்பிட்டேன். முதலில் ஃபேடர் அண்ணா சொன்ன மாதிரி டியூனரில் பிடித்தேன். ஜி வர வேண்டிய இடத்தில் ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் நிற்கிறது. அந்த அளவுக்கு இறக்கிவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் கேட்டேன். கிற்றார் ஒன்றில்லை. 26ஆம் திகதியில் கில்மோர் முதல் வாசகத்தை முடித்து விடுகிற இடைவெளி எங்கள் கசட்டில் அவ்வளவு நீளமில்லை, அடுத்ததைச் சீக்கிரமே தொடங்கிவிடுகிறார். மூன்று தடவை கேட்டும் அப்படித்தான். அப்படியென்றால் வேறு இரவுதானே?

பெரியம்மாவிடம் கேட்டேன். கோபேக்கு அடிக்கடி போவாராம். அங்கே ஒரு கசட் கடை முதலாளி அவருக்குச் சிநேகிதராம், பெயர் ஞாபகமில்லை. பேஸ்காரன் அண்ணா சொன்னதும் விளங்குகிறது, நெட்டில் போட மாட்டேன். வீட்டில் எல்லோரும் அப்படியே முடிவு செய்திருக்கிறோம். டெக் மாமா, உங்களிடம் கொண்டுவரலாமா?

பழைய டெக் எழுதியது:

வேறு இரவுதான் மகள், சந்தேகமில்லை. வேகத்தைச் சரியாக்கின பிறகும் இடைவெளி மாறினால் அது வேறு வாசிப்பு. 23, 24, 25, 27, இந்த நான்கில் எது என்பதை முழுவதையும் ஒழுங்காக ஏற்றிய பிறகு பார்ப்போம். கோபே என்றால் ஃபேடர் தம்பி சொன்ன 60 ஹேர்ட்ஸ் கோட்டையும் தேட வேண்டும்.

சனிக்கிழமை காலையில் வாருங்கள், கொட்டாஞ்சேனை மாதா கோயிலடிக்கு வந்து கோல் எடுங்கள். அதற்கிடையில் முதலாம் குறுக்குத் தெருவில் டெக்குக்குப் புது பெல்ட் வாங்கி மாட்டிவிடுகிறேன். கம்பளியை நான் ஒட்டுகிறேன், நீங்கள் தொட வேண்டாம், வீட்டில் இருக்கும் சுப்பர் குளூ டேப்பில் பட்டால் அதோடு சரி. கசட்டை அட்டைப் பெட்டியோடு கைப்பையில் கொண்டுவாருங்கள், முச்சக்கர வண்டியில் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் அதில் வைக்காதீர்கள், காந்தம். அட்டையையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். டீ.டி.கே. அட்டையின் வடிவத்தைச் சில வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினார்கள், அதைப் பார்த்தே இந்தக் கொப்பி எப்போது அடித்தது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். பேஸ்காரன் தம்பி, நேரமிருந்தால் நீங்களும் வாருங்கள். சுரத்துக்குச் சுரம் ஒப்பிட உங்கள் காது வேண்டும்.